முதல் புகை

“ஏங்க, இந்த மாசம் மட்டும் உங்க பெட்டியை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“அதெப்படி? முதல் ஆளா நான் எழுந்திரிக்கலைன்னா கூட்டம் களைகட்டாதே” என்றபடி கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருவருமே எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர்கள். ஆஸ்பத்திரி இயந்திரங்களுக்கு அவர் வடிவமைத்த போர்டுகள் வருடக்கணக்காக ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடுகின்றன. ஆனால் மாதம் ஒரு ஞாயிறு இன்ஜினியர்கள் வட்டம் கூடும். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்ததை ஆளாளுக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். அங்கே மட்டும் அவருடையது அடிக்கடி பட்டென்று வெடித்துப் புகையும். வட்டத்தில் அவருக்குப் பெயரே ‘புகை சார்’.

அவள்தான் வட்டத்தின் செயலாளர். அவள் செய்தது எதுவும் இதுவரை மக்கர் பண்ணியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்த கர்வம்.

இன்று ஹாலின் சொந்தக்காரர் வருகிறார். பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி நடத்துபவர். வட்டத்துக்கு ஹாலைத் தொடர்ந்து விடுவதா வேண்டாமா என்று கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வாராம். அவர் முன்னால் புகைந்தால் மானம் கப்பலேறிவிடும். கூடவே ஹாலும் போய்விடும்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பெட்டியைத் திறந்தாள். பூந்தொட்டியில் மண் காய்ந்தால் மணியடிக்கும் போர்டு. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கெபாசிட்டரைத் திருப்பி வைத்திருந்தார். மைனஸ் கால் பிளஸ் பக்கம். கரண்ட் கொடுத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

‘முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூட இப்படி வைக்காது’ என்று முனகியபடி சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, சரியாக மாற்றி வைத்துப் பெட்டியை மூடினாள்.

ஹாலில் முதல் ஆளாகக் கணவர் எழுந்தார். காய்ந்த தொட்டியில் கம்பியைச் செருகி, போர்டின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கவிழ்த்தார். முன்வரிசை அனுபவசாலிகள் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்கள். சுவிட்சைப் போட்டார்.

மணி அடித்தது. கணீரென்று அடித்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பெருமையாக ஹால்காரரைப் பார்த்தாள். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கணவர் முகத்திலோ ஈயாடவில்லை.

“அடுத்தது யாரு?” என்றாள்.

கடைசி வரிசையில் ஒரு பெண் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்டுவிட்டு, பல வருடம் கழித்து மறுபடியும் இந்தப் பக்கம் வந்திருப்பவள்.

“இல்லைங்க, இன்னொரு நாள் பார்க்கலாம். புகை சாரோடதே இவ்வளவு நல்லா ஓடுது. என்னோடது சமயத்துல ஓடும், சமயத்துல ஓடாது.”

சொல்லிவிட்டு எழுந்து வாசலை நோக்கி நடந்தாள்.

கணவர் மனைவியின் காதருகே குனிந்தார். “போச்சு. போன தடவை முதல்முதலா வந்தப்பவும் பையைத் திறக்காமலே போயிட்டாங்க. இன்னைக்கு என்னோடது வெடிச்சா தைரியமாத் திறந்துடுவாங்கன்னு இருந்தேன். கெபாசிட்டரைத் திருப்பித்தானே வெச்சேன்?”

அவளுக்குச் சுருக்கென்றது. “அப்போ இத்தனை நாளும் நீங்க வேணும்னேவா…?”

“புதுசா யாராவது வந்தா மட்டும்தான். முதல் ஆளு அசிங்கப்பட்டுட்டா அடுத்த ஆளுக்குப் பயம் விட்டுப்போயிடும்.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஹால்காரரைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். ஹால் போனால் வேறு ஹால் தேடிக்கொள்ளலாம்.

“ஒரு நிமிஷம் நில்லுங்கம்மா” என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள். “அடுத்தது என்னோடது. பார்த்துட்டுப் போங்க.”

அந்தப் பெண் நின்றாள். செயலாளர் எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி தன் போர்டில் சால்டர் பண்ணாமல் செருகி மட்டும் வைத்திருந்த கெபாசிட்டரைப் பிடுங்கி, திருப்பிச் செருகினாள். கணவரின் மூடியை வாங்கிக் கவிழ்த்தாள். சுவிட்சைப் போட்டாள்.

சற்று நேரம் உஸ்ஸென்றது. அப்புறம் ‘பட்’. மூடிக்குள் புகை சுருண்டது.

“ஆனைக்கும் அடி சறுக்கும்” என்றார் முன்வரிசையில் ஒருவர். ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். காது மட்டும் சுட்டது.

“மேடத்தோடதே இப்படின்னா, என்னோடதுக்கு என்ன வந்துச்சு” என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் திரும்பி வந்து பையைத் திறந்தாள். குழந்தை அழுதால் அடுத்த அறையில் விளக்கு எரியும் கருவி. முதலில் எரியவில்லை. பதறாமல் ஒயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, லூசாக இருந்ததை அழுத்தினாள். எரிந்தது. கைதட்டல் ஓய வெகுநேரமானது.

கூட்டம் முடிந்ததும் ஹால்காரர் நேராகச் செயலாளரிடம் வந்தார்.

“சார், அது வந்து… என் போர்டு…”

“வெடிக்கும்னு தெரியாதவங்க மூடி போட மாட்டாங்க மேடம்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “ஹால் உங்களுக்குத்தான். அடுத்த தடவை புதுசா யாராவது வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க. முதல்ல என்னோடது வெடிக்கட்டும்.”