சிலை சிரித்தது

"மறுபடியும் சிரிச்சிட்டியா?"

போட்டோகிராபர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

எதிரே இரண்டு பெண்கள் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நெற்றியிலிருந்து கழுத்து வரை களிமண் பூச்சு. அது காய்ந்து இறுகி, விரிசல் விடாமல், கல்லில் செதுக்கின முகம் மாதிரி நிற்கும் நேரத்தில் படம் எடுக்க வேண்டும். கண்காட்சிக்காக அவர் ரொம்ப நாளாக மனசுக்குள் போட்டு வைத்திருந்த கற்பனை.

பெரியவள் சிரித்த சிரிப்பில் அவள் கன்னத்து மண் பாளம் பாளமாக வெடித்து மடியில் உதிர்ந்தது.

"சாரி சார். என்னமோ தெரியல, வந்துடுச்சு."

"போங்க, ரெண்டு பேரும் கழுவிட்டு வாங்க. ஒரு முகம் ஈரமா, ஒரு முகம் காய்ஞ்சு இருந்தா நிறம் ஒத்துப்போகாது. முதல்லேருந்து பூசணும்."

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேறு யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை. இவள் பல வருஷமாக அவரோடு வேலை செய்கிறவள். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தாலும் இமைக்க மாட்டாள். 'சிலை' என்று பட்டப்பெயர் வைத்ததே அவர்தான்.

சின்னவளுக்கோ இன்றைக்குத்தான் முதல் வேலை. அவள் பாட்டுக்கு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்!

மேக்கப் போடுவது அவர் மனைவி. கிண்ணத்தில் மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய்க் கிசுகிசுத்தார்.

"இவளுக்கு என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க போய் லைட்டைப் பாருங்க."

மறுபடி பூசினார்கள். மறுபடி காய்ந்தது. விரலை ஷட்டரில் வைத்தார். க்ளுக்கென்று சிலை சிரித்தாள்.

அடுத்த தடவை சிரிப்புக்குப் பதில் ஒரு தும்மல். மண் சிதறி, பின்னால் தொங்கிய கறுப்புத் துணியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டது.

முகம் கழுவி வந்த சின்னவளைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லையேம்மா?"

"இல்ல சார்."

"பார்த்தியா?" என்று சிலையிடம் திரும்பினார். "புதுசா வந்த பொண்ணு. எவ்வளவு ஒத்துழைக்குது!"

சிலை துண்டால் காதோரம் துடைத்துக்கொண்டாள்.

பொறாமையோ? ஆனால் இந்தப் பெண்ணைக் கூட்டி வந்ததே அவள்தானே. 'நல்ல முகம் சார், ஒரு தடவை பாருங்க' என்று நச்சரித்தவளும் அவள்தான். தானே கூட்டி வந்து, தானே ஏன் கெடுக்க வேண்டும்? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. குழப்பம் கோபமானது.

"உனக்கு இன்னிக்கு மனசு இங்க இல்ல. கிளம்பு. இனிமே நானா கூப்பிட்டா வா, போதும். இந்தப் பொண்ணை வச்சுத் தனியா எடுத்துக்கறேன்."

சிலை அதிர்ந்து நிமிர்ந்தாள்.

"தனியாவா? வேணாம் சார். அவ தோலெல்லாம் சிவந்து கிடக்கு. நாளைக்குப் பார்க்கலாமே."

"என் வேலையை எனக்குச் சொல்லித் தராதே."

அவள் சின்னவளை ஒரு தடவை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

"வாம்மா, உட்காரு."

மனைவி கிண்ணத்தைத் தொடவில்லை. சரி, அவளுக்கும் அலுப்பு போல என்று நினைத்து, அவரே ஒரு கை மண்ணை அள்ளினார். முகத்தருகே கொண்டுபோனதும் சின்னவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னம்மா?"

"மண்ணு காய்ஞ்சு இறுகினதும் மூச்சு முட்டுது சார். மண்ணுக்குள்ள புதைச்ச மாதிரி இருக்கு. அக்கா சொன்னாங்க, தாங்க முடியலைன்னா பின்னால கை விட்டு என் விரலை அழுத்து, மத்ததை நான் பார்த்துக்கறேன்னு. நான் அழுத்தினப்போ எல்லாம்தான் அவங்க சிரிச்சாங்க."

அவர் கையிலிருந்த மண் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"அட, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பிடிக்கலைன்னா விட்டுடப் போறோம். நான் என்ன புலியா, கரடியா?"

சின்னவள் தயங்கினாள்.

"சொல்லத்தான் வந்தேன் சார். அக்காதான் வேணாம்னாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு, மொட்டை மாடிச் சுவர் மேல ஏறி நிக்க பயமா இருக்குன்னு சொன்னாளாம். நீங்க 'பரவாயில்லம்மா'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் அனுப்பினீங்களாம். அப்புறம் அவளைக் கூப்பிடவே இல்லையாம். 'உனக்கு இதுதான் முதல் வேலை. திட்டு என் மேல விழட்டும்'னு..."

அவர் ஜன்னலுக்கு ஓடினார். சிலையின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

போன வருஷத்துப் பெண்ணை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். மாடி ஞாபகம் வந்தது. அன்றைய வெயில்கூட ஞாபகம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை.

மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தனை வருஷம் கூட இருக்கியே, நீயாவது சொல்லியிருக்கலாமே!"

மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்ககிட்டயா?"