நடைபாலத்தின் நடுவில்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு சீஸ் ஆலை. அதன் கழிவுநீர்த் தொட்டியை வெர்னா பத்தொன்பது வருடமாகப் பார்த்துவந்தாள். பால் திரிந்த அழுக்குத் தண்ணீரைத் தின்று சுத்தமாக்கும் பாக்டீரியாக்கள் அதில் வாழ்ந்தன. ஆலைக்கு விடுமுறை என்றால் அவை பட்டினி கிடக்கக்கூடாதென்று நாய்த்தீனி மூட்டையைப் பிரித்துக் கொட்டுவாள். அவை தின்னத் தின்ன, தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறதென்று காட்டும் மீட்டர் எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கும்.

படம்பிடிக்க ஆட்கள் வருகிறார்கள், நாற்றம் அடிக்கக்கூடாது என்று மேலாளர் ட்ரெவர் தொட்டியில் கிருமிகளைக் கொல்லும் பிளீச்சை நான்கு பீப்பாய் ஊற்றவைத்தான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா? இல்லை. மறுநாள் நுண்ணோக்கியில் ஒன்றுகூட அசையவில்லை. அவள் போட்ட தீனி ஊறி மிதந்தது. மீட்டர் எட்டிலேயே நின்றது.

"உன் செல்லங்க எல்லாம் காலியாமே? நீ சரியா பாத்துக்கலன்னு எழுதிக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழமையோட உனக்கு வேலை இல்ல," என்றபடி ட்ரெவர் தொட்டியின் மேலிருந்த இரும்பு நடைபாலத்தில் ஏறினான்.

"விஷத்த ஊத்தினது நீங்க, பழி எனக்கா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

எட்டில் நின்ற மீட்டர் இப்போது ஆறு காட்டியது. அவன் பாலத்தின் நடுவுக்குப் போனான். இரண்டு. தொட்டியில் யாரும் எதையும் போடவில்லை; ஆனாலும் தீனியைக் கண்டதுபோல மீட்டர் இறங்கியிருந்தது. அவன் இறங்கி வந்ததும் மறுபடி எட்டு.

வெர்னா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு போட்டோவுக்கு நான் எங்க நின்னா நல்லாருக்கும்?" என்றான் ட்ரெவர்.

"நடுவுலதான்," என்றாள் வெர்னா. "கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க."