நீராவி போகும் இடம்

"மில்லைப் பூட்டிட்டு, புகை மட்டும் எதுக்குய்யா போகுது?"

தெருமுனையில் நின்று புகைபோக்கியைப் பார்த்தவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காகித மில்லில் அவரை 'மிளகாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு நுனியில் கோபம். வேலை போன பிறகு காரம் இன்னும் ஏறியிருந்தது.

விறுவிறுவென்று பாய்லர் அறைக்குள் நுழைந்தார். பாய்லர்காரர் மரத்தூளை அள்ளி நெருப்பில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"யாருக்குய்யா எரிக்கிறே?"

"பக்கத்து மரச்சாமான் கம்பெனியில கழிச்சுப் போடுற தூள்ணே. இதுல வர்ற நீராவி, மதிலுக்கு அந்தப் பக்கம் சலவைக் கம்பெனிக்குப் போகுது. முதலாளி உத்தரவு."

"நல்ல விலைக்கு வித்துட்டாராக்கும்?"

"காசே வாங்கலைண்ணே. சும்மாதான் குடுக்குறார்."

அதுதான் மிளகாயால் தாங்க முடியவில்லை.

"நம்ம வயித்துல ஈரத்துணி. ஊரான் துணி காய நம்ம பாய்லரா? நமக்குப் படியளக்க வக்கில்ல, தானம் பண்றாராம் தானம்!"

"அவசரப்படாதீங்கண்ணே, சொன்னாக் கேளுங்க..."

கேட்கவில்லை. அவரைத் தள்ளிவிட்டு, சலவைக் கம்பெனிக்குப் போகும் குழாயின் வால்வை இறுக்கி மூடினார். மறுபடி யாரும் திறக்க முடியாதபடி சுத்தியலால் அடித்து நொறுக்கினார். பாய்லர்காரர் பதறிப்போய் நெருப்பை அணைக்க ஓடினார்.

அன்று ராத்திரி மிளகாய்க்கு நல்ல தூக்கம்.

மறுநாள் காலை, உடம்புக்கு முடியாத அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொல்லித் தினமும் கிளம்பிப் போகும் மனைவி, போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன, அக்காவுக்குக் குணமாயிடுச்சா?"

அவள் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

"அக்கா நல்லாத்தாங்க இருக்கா. நான் போய்க்கிட்டு இருந்தது சலவைக் கம்பெனிக்கு."

அவர் கதவைச் சாத்திவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எவனோ நீராவிக் குழாயை உடைச்சிட்டானாம். துணியெல்லாம் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. எங்களை இனிமே வரவேணாம்னுட்டாங்க."

"எங்களைன்னா... யார் யாரு?"

"உங்க மில்லு ஆளுங்க வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும்தான். நீராவிக்குக் காசு வேணாம், இவங்களுக்கு வேலை போட்டுக் குடுத்தாப் போதும்னு உங்க முதலாளிதான் கேட்டு வாங்கினார். 'வீட்ல சொல்லிடாதேம்மா, ரோஷக்கார மனுஷன், தெரிஞ்சா சாப்பாடு இறங்காது'ன்னாருங்க."