நேரில் எப்படி இருப்பார்?

"பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதவன் மனுஷனே அல்ல!" என்று பேர்பெற்ற பிரசங்கி சிவதாணு முழங்கியதும் தக்கலைச் சந்தையே கைதட்டியது.

"மேடையில இப்பிடிப் பேசுறவரு, நேரில எவ்வளவு தங்கமான மனுசனா இருப்பாரு!" என்று உருகினாள் பொன்னம்மையின் பக்கத்தில் இருந்தவள்.

"இன்னைக்கு நீங்களும் பாத்துக்கிடலாம் அக்கா" என்று எழுந்த பொன்னம்மை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி நடந்தாள்.

தொண்டர் ஒருவர் மறித்தார். "இப்பம் அவரைப் பாக்க முடியாது."

"பாக்காம போவ மாட்டேன்."

சத்தம் கேட்டுக் கூட்டத் தலைவர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா வேணும்?"

"இவளைப் பள்ளிக்கூடத்தில சேக்கணும். அப்பா சம்மதிக்கல்லேன்னா சேக்க மாட்டாவளாம். இவளுக்க அப்பாவோ, பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு ஒத்தக்கால்ல நிக்காவ."

சிவதாணு துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

தலைவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எவன் அந்த மடையன்? கூட்டிட்டு வா இங்க! நம்ம பிரசங்கியாரே நாலு பேர் முன்னால அவனுக்குப் புத்தி சொல்லட்டும்!"

"கூட்டிட்டு வர வேண்டாம்" என்றாள் பொன்னம்மை, மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீங்க போட்ட மாலையோட உங்க பக்கத்திலதான் இருக்காவ."