உபதேசியார் டைரி

"கையெழுத்துப் போடத் தெரியுமா? இல்ல, மை டப்பா எடுக்கணுமா?"

தலையை நிமிர்த்தாமலே பதிவேட்டைத் தள்ளினார் ஜெபராஜ். தாம்பரத்தில் இருந்த அந்தச் சின்ன ஆவணக் காப்பகத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். எதிரே நின்றவள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஹாஸ்டல் சமையல்காரி. சேலையில் வெங்காய வாடை.

'புஷ்பம்' என்று எழுதிவிட்டு அவள் நிமிர்ந்தாள். "அப்பா போனதும் என் தம்பி, வீட்டுல இருந்த பழைய காகிதத்தையெல்லாம் டிரங்குப் பெட்டியோட இங்க கொடுத்துட்டான் சார். அதுல ஒரு நோட்டு மட்டும் திரும்ப வேணும். உபதேசியார் யேசுதாசன் டைரி."

ஜெபராஜ் சிரித்தேவிட்டார். 1840-இல் இந்தப் பக்கம் அடித்த காலராவைப் பற்றி, சர்ச்சில் உபதேசியாராக இருந்த அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் எழுதிய டைரி. அதை வைத்துத்தான் இவருக்கு டாக்டர் பட்டம். நாளை சாயங்காலம் புத்தக வெளியீடு.

"கரையான் அரிச்சப்ப உங்க குடும்பத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. பேப்பர்ல என் போட்டோ வந்ததும் சொந்தம் கொண்டாட வந்துட்டீங்க!"

"அதில்ல சார். டைரியில இருந்து நாலு வரி போட்டிருந்தாங்க. படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு."

"உங்களுக்கு இதெல்லாம் விளங்காதும்மா." பீரோவிலிருந்து டைரியை எடுத்துப் பிரித்து, பிரசங்கம் போல வாசித்தார். "'இன்று மூன்று குழி தோண்டினேன்...'"

அவர் பக்கத்தைத் திருப்புவதற்குள் அவள் முடித்தாள். "'நாலாவது யாருக்கென்று கர்த்தருக்கே தெரியும்.'"

"ஓ, மனப்பாடமா! அப்பா படிச்சுக் காட்டினாராக்கும்?"

"இல்ல சார்..."

அவர் காதில் வாங்கவில்லை. "இப்படி ஒரு வரி எழுதணும்னா கையால பிணம் பொதைச்சிருக்கணும். அடுப்படியில நிக்கிறவங்களுக்கு இது எங்க எட்டப்போவுது? தாளைக்கூடச் சோதிச்சாச்சு. நூத்தியெண்பது வருஷத்துத் தாள்!"

"தாள் பழசுதான் சார். சர்ச்ல எழுதாம மிஞ்சின ரிஜிஸ்டர். அப்பாதான் கேட்டு வாங்கிட்டு வந்து கொடுத்தாரு."

"யாருக்கு?"

வாசலில் நின்ற பியூன் ஐசக்கின் காதில் விழக்கூடாதே என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். ஜெபராஜைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"எனக்குத்தான் சார். சர்ச் நாடகத்துக்காக நான் எழுதினது அது."