கொக்கின் இடப்பக்கம்

"அந்த ஸ்னைப்பரை இன்னிக்காவது எனக்குக் குடுங்க சார்."

பேக்கிங் பிரிவுப் பெண் மூன்றாவது முறையாகக் கேட்டாள். சூப்பர்வைசர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது கொக்கோடது."

கிடங்கின் ஓய்வறையில் ஐந்து கணினிகள். மதிய இடைவேளையில் ஐந்து பேர் அவற்றின் முன் அமர்ந்து, எங்கோ இருக்கும் வேறு ஐந்து பேரோடு துப்பாக்கிச் சண்டை பழகுவார்கள். சனிக்கிழமை, நிறுவனங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டி.

விதிப்படி ஓர் அணிக்கு ஒரே ஒரு ஸ்னைப்பர்தான். குறிபார்க்கும் ஸ்கோப் பொருத்திய நீளத் துப்பாக்கி. குறி தப்பாவிட்டால் ஒரே குண்டில் எதிரி காலி. தப்பினால், அடுத்த குண்டு ஏறுவதற்குள் நாம் காலி.

கொக்கு, கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். சூப்பர்வைசரின் மனைவிக்குத் தம்பி. விளையாட்டில் ஒரே மூலையில் அசையாமல் காத்து நிற்பதால் அந்தப் பெயர்.

"நகரவே மாட்டேங்கறாரு சார். ஸ்னைப்பர்னா ஒரு குண்டு போட்டதும் இடம் மாத்தணும். ஒரே மூலையில நின்னா, எதிரிக்கு விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி."

"வீடு தேடி வர்றவனைச் சுடறது சுலபம் தங்கச்சி" என்று கொக்கு சிரித்தார்.

எலக்ட்ரீஷியன் தன் பங்குக்கு முணுமுணுத்தார். "மச்சினனாப் பொறந்திருக்கணும்மா. நமக்கு ஏது அந்த யோகம்!"

ஆட்டம் தொடங்கியது. கொக்கு தன் நாற்காலியை மற்றவர்களைவிட இரண்டடி பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். சந்தின் விளிம்பில், எதிரி தலை நீட்டக்கூடிய உயரத்தில் ஸ்கோப்பை வைத்தார். காத்திருந்தார்.

முதல் தலை. ஒரு குண்டு.

இரண்டாவது தலை. ஒரு குண்டு.

"அப்படித்தான்டா!" என்றார் சூப்பர்வைசர். விளையாட்டில் கொக்கின் இடப்பக்கத்தை விட்டு அவர் நகர்வதே இல்லை. இன்று எவனோ வெடிகுண்டு வீச, ஒரு கணம் விலக நேர்ந்தது.

அந்த இடைவெளியில் எதிரி ஒருவன் நடந்து வந்தான். ஓடவில்லை, ஒளியவில்லை. கொக்கின் திரையில், இடது ஓரத்தில், முழு உருவமாக நின்று நிதானமாகச் சுட்டான்.

கொக்கு திரும்பவே இல்லை. ஆட்டம் போயிற்று.

"குருடனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்குமே அண்ணே! தூங்கிட்டீங்களா?" என்று பேக்கிங் பிரிவுப் பெண் கத்தினாள்.

கொக்கின் சிரிப்பு நின்றது. எழுந்தார். இடப்பக்கம் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டு, அதைக் கவனிக்காமலே வெளியேறினார்.

"முடிவாச் சொல்றேன் சார். சொந்தக்காரருக்காக அணியைக் கெடுக்கறீங்கன்னு மேனேஜர்கிட்ட எழுதிக் குடுக்கப் போறேன். அவரே கூப்பிட்டு விசாரிக்கட்டும்."

சூப்பர்வைசரின் முகம் வெளுத்தது. அவளைத் தனியே நடைவழிக்கு அழைத்துப் போனார்.

"எழுதிடாதேம்மா. அவனுக்கு ரெண்டு கண்ணுலயும் நடுவுல மட்டும்தான் பார்வை. சுத்தி எல்லாம் இருட்டு. வட்டம் வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டே வருது. மருந்து கிடையாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்."

அவள் ஓய்வறைக்குள் திரும்பி, இரண்டடி பின்னால் கிடந்த கொக்கின் நாற்காலியைப் பார்த்தாள்.

"ஸ்கோப்புல கண்ணை வெச்சா, உனக்கும் எனக்கும் என்ன தெரியுது? நடுவுல ஒரு வட்டம். சுத்தி இருட்டு. அந்த ஒரு துப்பாக்கியிலதான் அவன் நமக்குச் சமம்மா. அதைப் பிடுங்கி உன்கிட்ட எப்படிக் குடுப்பேன்? அதனாலதான் இடப்பக்கம் நான் நிக்கறேன். வலப்பக்கம் எலக்ட்ரீஷியன். ஏன் நிக்கறோம்னு அவருக்கே தெரியாது."

"மன்னிச்சிடுங்க சார். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது."

"ஆபீசுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வேலை போயிடும். ரெண்டு பொண்ணுங்க படிச்சுக்கிட்டிருக்கு. வாயைத் திறக்க மாட்டேன்னு சொல்லும்மா."

"சத்தியமா மாட்டேன் சார்."

இப்படிப்பட்ட மனிதரையா சந்தேகித்தோம் என்று அவள் தலை குனிந்துகொண்டாள்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. இருவரும் கிடங்குக்குள் வந்தார்கள். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் உறுமியது. இரண்டு மரப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு, அலமாரி வரிசைகளுக்கு நடுவே கொக்கு வந்துகொண்டிருந்தார். பார்வை நேர் முன்னால் இருந்தது.

இடப்பக்கத்துச் சந்திலிருந்து, பேக்கிங் பிரிவைச் சேர்ந்த இருவர் தள்ளுவண்டியோடு பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

ஃபோர்க்லிஃப்டின் வேகம் குறையவில்லை.

கடைசி நொடியில் ஒருத்தி மற்றவளின் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி அவர்களைக் கடந்து போயிற்று. கொக்கு திரும்பவே இல்லை.

"சார்..." பேக்கிங் பிரிவுப் பெண் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "இங்கே அவருக்கு இடப்பக்கம் யார் நிக்கறது?"

சூப்பர்வைசர் அவளை வியப்போடு பார்த்தார்.

"இங்கே எதுக்கும்மா? தரையிலதான் மஞ்சள் கோடு போட்டிருக்கே. நடக்கறவங்கதான் பார்த்து நடக்கணும்."