இரண்டு கையாலும்

கட்டிலில் இசக்கியப்பன் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் மனைவி ஆவுடையம்மை, கால்மாட்டு நாற்காலியில் டாக்டர். வாசலுக்கு வெளியே, கட்டில் தெரிந்தாலும் பேச்சு கேட்காத தூரத்தில், ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி பலவேசம் நின்றான். ஈரலில் ஒரு பங்கு கொடுக்கப் பொருத்தமானவன் அவன் ஒருவன்தான். அண்ணன் கூப்பிடாமல் படியேற மாட்டேன் என்றிருந்தான். அண்ணனோ செத்தாலும் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"பஸ்ஸை நிறுத்துற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க," என்றார் டாக்டர்.

நீட்டிய கைகள் மணிக்கட்டில் துவண்டு விழுந்தன, எழுந்தன, மறுபடியும் விழுந்தன. ஈரல் கெட்டால் கை தானாக இப்படி அடித்துக்கொள்ளும் என்று ஆவுடையம்மையிடம் அவர் போன மாதமே சொல்லியிருந்தார்.

பலவேசம் செருப்போடு உள்ளே வந்துவிட்டான். "ஒத்தக் கையால கூப்பிட்டாலே வந்திருப்பேனே, அண்ணாச்சி. ரெண்டு கையாலயுமா கூப்பிடுதிய?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆவுடையம்மை பார்த்த பார்வையில் பேச்சை விழுங்கிக்கொண்டார். இசக்கியப்பன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி, என் வீட்டுக்காரிக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. அண்ணாச்சியே கூப்பிட்டாவ, கொடுத்துட்டுத்தான் வருவேன்னு. உங்க எழுத்துன்னாதான் அவ நம்புவா."

எழுதும்போது 'கூப்பிட்டார்' என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. பிறகு அதையும் எழுதி முடித்து, சோற்றுப் பருக்கை வைத்து உறையை ஒட்டி, தபாலில் போட்டுவரச் சொல்லிப் பலவேசத்தின் கையிலேயே கொடுத்தாள்.